மருந்தென்னும் ஒரு சொல்

ஆயர் ஈத்தாம் என்னும் பெயருக்கு மலாய் மொழியில் கருநீர் என்பது பொருள். ஜொகூர் மாநிலத்தின் பத்து பகாட் மாவட்டத்தில், யொங் பெங்கிற்கும் குளுவாங்கிற்கும் பத்து பகாட்டிற்கும் சாலைகள் பிரிந்து செல்லும் சந்திப்பில் அமைந்த சிற்றூர் அது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலை 1994இல் முழுமை பெறுவதற்கு முன்னர், கோலாலம்பூருக்கும் ஜொகூர் பாருவுக்கும் இடையே ஓடிய பேருந்துகள் பலவும் அங்கே நின்று இளைப்பாறிச் சென்றன. இறங்கியவர்கள் தேநீர் அருந்தினார்கள், கடை வாசல்களில் அடுக்கியிருந்த மண்சாடிகளுக்கும் பீங்கான் பொருள்களுக்கும் விலை கேட்டார்கள், மீண்டும் ஏறிக்கொண்டார்கள். கடைகளுக்குப் பின்னே ஓடிய கால்வாயை எட்டிப் பார்த்தவர் எத்தனை பேர்? பூச்சாடி விற்கும் ஊரில், சாடியில் அடங்கி நிற்காத செடிகளுக்கு மதிப்பு ஏது?

அத்தகைய கால்வாய் ஒன்றின் கரையில், மலிவு விலை வீடுகளின் வரிசைக்குப் பின்னே, ஒரு மூதாட்டி குனிந்து எதையோ கிள்ளிக்கொண்டிருக்கிறாள். நாற்பது ஆண்டுகளைத் தோட்டத்திலே கழித்தவள். முதலில் பால்மரம் சீவினாள். மரங்களை வீழ்த்திச் செம்பனை நட்ட பிறகு மருந்தடிக்கும் கூட்டத்தில் சேர்ந்தாள். லயங்கள் இடிக்கப்பட்டபின் மகன் வாங்கிய வீட்டுக்கு வந்துவிட்டாள். அவள் அருகில் குறிப்பேடும் கையுமாக நிற்பவள் பேத்தி. பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பயில்பவள். பிற நாடுகளிலிருந்து வந்து இம்மண்ணை வளைத்துக்கொண்ட செடிகளுள் உணவாகவும் மருந்தாகவும் பயன்படுபவை எவை என்று தன் ஊர்ப்புறத்தில் திரட்டி வருவது அவளுக்கு இடப்பட்ட பணி.

"பாட்டி, இதில் மருந்துக்கு ஆகும் செடி எது எது?" என்று அவள் தொடங்கினாள்.

மூதாட்டி நிமிர்ந்தாள். "எந்த மருந்தைக் கேட்கிறே கண்ணு? அடிக்கிற மருந்தா, குடிக்கிற மருந்தா?"

பேத்திக்குச் சற்று நேரம் விளங்கவில்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கோ விளக்கம் தேவையில்லை. களைக்கொல்லி நஞ்சுக்குத் தோட்டத் தமிழில் மருந்து என்றே பெயர். அதைத் தெளிக்கும் வேலை மருந்தடிப்பு. உயிரைக் காக்கும் சொல்லை உயிரைப் போக்கும் பொருளுக்குச் சூட்டியவர் யாரோ, தெரியாது. கங்காணியின் வாயிலிருந்து வந்திருக்கலாம். அச்சொல்லின் மென்மையினால் அதைச் சுமந்த பெண்களின் அச்சம் குறைந்தது என்பது மட்டும் உறுதி. விடியற்காலைப் பிரட்டில் பெயர் கொடுத்துவிட்டு, முதுகில் தோம்பைச் சுமந்து, செம்பனையின் அடியைச் சுற்றி வட்டம் வட்டமாக அவர்கள் அடித்த மருந்துகளுள் ஒன்று பராக்குவாட். 1962இல் விற்பனைக்கு வந்த அந்நஞ்சுக்கு இன்றுவரை முறிமருந்து இல்லை. தோட்டங்களில் மருந்தடித்த பெண்களின் உடல்நிலையைத் தெனாகானித்தா அமைப்பு ஆராய்ந்து 2002இல் நூலாக வெளியிட்டது. அவ்வாண்டே மலேசிய அரசு பராக்குவாட்டுக்குத் தடை விதித்தது. 2006இல் அத்தடை தளர்ந்தது. 2020 ஜனவரி முதல் நாளிலிருந்துதான் முழுத்தடை நடைமுறைக்கு வந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் எத்தனை தமிழ்ப் பெண்களின் நகங்கள் கருத்து உதிர்ந்தன, எத்தனை பேருக்கு மூக்கில் குருதி வழிந்தது என்பதை அத்தோட்டங்களே அறியும்.

எந்தச் செடிகளைக் கொல்ல அம்மருந்து அடிக்கப்பட்டதோ, அச்செடிகள் சிலவற்றைத்தான் அப்பெண்களின் தாய்மார்கள் மாலை வேளையில் மடியில் கிள்ளிக்கொண்டு வீடு திரும்பினார்கள். பேத்தியின் குறிப்பேட்டில் முதல் பக்கம் இதனால்தான் வெகுநேரம் வெறுமையாகக் கிடந்தது.

களை என்பது யார் கண்ணுக்குக் களை? பால்மரமே அயலான்தான். பிரேசில் நாட்டு விதைகள் 1876இல் இலண்டன் கியூ தோட்டத்துக்குச் சென்று, அங்கிருந்து கன்றுகளாக 1877இல் சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. செம்பனை மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அவற்றுக்கு உழைக்க வந்தவர்கள் தமிழ்நாட்டிலிருந்து கப்பலேறியவர்கள். ஆகவே, இங்கே அயல்நாட்டுச் செடி என்று ஒன்றைச் சுட்டும்போது குரலில் அவ்வளவு சினம் வேண்டியதில்லை.

ஆயினும், சில செடிகள் வந்த இடத்தை விழுங்கக்கூடியவை என்பதையும் மறைப்பதற்கில்லை. செம்பனை நிழலில் பச்சைப் பாய் விரித்தாற்போல் படரும் ஒரு செடியை மலாய்க்காரர்கள் ரும்புட் இஸ்ராயேல் என்பர். அது ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அதன் முற்றிய காய் வெடித்து விதைகளைச் சில மீட்டர் தொலைவுக்கு எறியும். தோட்ட நிருவாகத்துக்கு அது தீராத தலைவலி, ஆடுகளுக்கோ விருந்து. ஆப்பிரிக்க நாடுகள் சிலவற்றில் அதன் இளந்தளிர் மனிதர்க்கும் கீரை. அமெரிக்க வெப்பநாட்டிலிருந்து வந்த மிக்கானியா என்னும் கொடி, மரத்தின் மேலேறி வெயிலை மறைத்து, ஏறிய மரத்தையே வாட்டிவிடும். இரப்பர்த் தோட்டங்களில் நிலப்போர்வையாகப் பயன்படுத்தியும் பார்க்கப்பட்ட கொடி அது. கிளிடேமியா என்னும் மயிரடர்ந்த புதரின் கருநீலக் கனியைத் தோட்டத்துப் பிள்ளைகள் நாக்கு நீலமாகும் வரை தின்பார்கள். நெகிரி செம்பிலானின் பாசோ காட்டுக்குள் அப்புதர் புகுந்துவிட்டதை ஆய்வாளர்கள் கவலையோடு பதிவு செய்திருக்கிறார்கள். பிள்ளைக்குத் தின்பண்டம், காட்டுக்குக் கேடு, இரண்டும் உண்மை.

மூதாட்டி காட்டிய செடிகள் பதினொன்று. அவற்றுள் முள்ளுக்கீரை, தொட்டாற்சிணுங்கி, சீமை அகத்தி ஆகியவற்றின் பெயரைப் பேத்தியும் அறிவாள். மூன்றுமே அமெரிக்க வெப்பநாட்டுச் செடிகள் என்று கேட்டபோது மூதாட்டி நம்ப மறுத்துவிட்டாள். சீமை அகத்தியின் பெயரிலேயே சீமை இருக்கிறதே என்று பேத்தி வாதாடினாள். வாதம் எடுபடவில்லை. படர்தாமரைக்கு அதன் இலையை அரைத்துப் பூசித் தன் தாயின் கையால் குணம் கண்டவள் அவள். பெயரில் சீமை இருந்தால் என்ன, அது வீட்டுப் பிள்ளைதான்.

பிலிப்பைன்ஸ் நாட்டின் சுகாதாரத் துறை, மக்கள் மருத்துவத்திலிருந்து ஆய்ந்து தேர்ந்து, பத்து மூலிகைகளைப் பயன்பாட்டுக்குரியவை என்று பரிந்துரைத்தது. அப்பத்தில் ஒன்று இதே சீமை அகத்தி. தோல் நோய்க்கு உரியது. மற்றொன்று, குளியலறை ஓரத்து ஈரச் சுவரில் கண்ணாடி போன்ற தண்டும் இதய வடிவ இலையுமாக முளைக்கும் சிறு செடி. மலாய்க்காரர்கள் கெத்தும்பாங்கான் ஆயர் என்பார்கள். யூரிக் அமிலம் மிகுந்து மூட்டுகள் வலிப்போருக்கு அது பரிந்துரைக்கப்பட்டது. ஆயர் ஈத்தாமில் அச்செடியைத் தென்னந்துடைப்பத்தால் தேய்த்து எறிகிறார்கள்.

தீபகற்ப மலாயாவின் செடிகளுக்கு இத்தகைய கணக்கெடுப்பு நடந்ததில்லை என்று கூற முடியாது. சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தின் இயக்குநராக இருந்த பர்க்கில், மலாய்த் தீபகற்பத்தின் பொருளியல் தாவரங்களைப் பற்றி 1935இல் இரு தொகுதிகளாகப் பேரகராதி ஒன்றை வெளியிட்டார். அதற்கு முன்பே, 1930இல், முகம்மது ஹனிப் என்பவரோடு சேர்ந்து மலாய்க் கிராம மருத்துவத்தைத் தொகுத்திருந்தார். கிராமங்களை அவர்கள் கேட்டார்கள். தோட்டத்து லயங்களில் வாழ்ந்த தமிழ்க் கிழவிகளையும் அவ்வாறே அமர்ந்து கேட்டு எழுதியவர் எத்தனை பேர்? லயங்கள் இடிந்தபோது அவ்வறிவும் சாமான்களோடு லாரிகளில் ஏறி நாலா திசைக்கும் போயிற்று.

கிழவியின் சொல் அனைத்தும் உண்மையாகிவிடுமோ என்றால், இல்லை. நித்தியகல்யாணியின் வரலாறு இங்கே நினைக்கத்தக்கது. மடகாஸ்கரில் பிறந்து வெப்ப நாடுகளெங்கும் தானே பரவி, தோட்டத்து இடுகாடுகளிலும் பூத்துக் கிடக்கும் செடி அது. நீரிழிவுக்கு நல்லது என்று ஜமைக்கா மக்கள் அதன் இலையைக் காய்ச்சிக் குடித்தார்கள். 1952இல் அந்த இலைகள் கொஞ்சம் கனடாவுக்கு ஓர் உறையில் வந்து சேர்ந்தன. இராபர்ட் நோபிள் என்னும் ஆய்வாளர் அவற்றின் சாற்றை எலிகளுக்குச் செலுத்தினார். குருதியிற் சர்க்கரை குறையவில்லை, வெள்ளணுக்கள் குறைந்தன. ஏமாற்றத்தோடு எலிகளைப் புதைத்துவிட்டு அவர் வேறு வேலைக்குப் போயிருக்கலாம். வெள்ளணு பெருகும் புற்றுக்கு இது உதவாதோ என்று எண்ணினார். சார்லஸ் பீர் என்னும் வேதியியலாரோடு சேர்ந்து அவர் பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் 1958இல் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அதன் உடன்பிறப்பான வின்கிரிஸ்டின், குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கு இன்றும் கைகொடுக்கிறது. டன் கணக்கில் இலையை அரைத்தால் கிராம் கணக்கில் கிடைக்கும் பொருள் அது. அச்செடியை வீட்டில் காய்ச்சிக் குடிப்பது பெருந்தீங்கு. ஊர் சொன்ன நோய் தவறு. ஊர் காட்டிய செடி சரி.

பேத்தி இதனைச் சொல்லிக்கொண்டிருக்கையில் மூதாட்டி ஓர் இலையைக் கசக்கி முகரக் கொடுத்தாள். போக்கோக் கப்பால் தெர்பாங், அதாவது ஆகாயக் கப்பற்செடி. வெள்ளைத் துரைமார் அதைச் சயாம் களை என்றார்கள். அதன் தாயகமும் அமெரிக்காதான். சீவுகத்தி விரலைப் பதம் பார்த்த போதெல்லாம் அதைக் கசக்கி வைத்துத்தான் குருதியை நிறுத்தினார்களாம். வியட்நாமில் அதே இலையின் சாற்றிலிருந்து தீப்புண்ணுக்கு ஒரு மருந்து உருவாக்கினார்கள். புண்ணை ஆற்றும் தோலணுக்களை அச்சாறு காப்பதை ஆய்வுகள் காட்டின. இதைக் கேட்டதும் மூதாட்டியின் முகத்தில் தோன்றிய பெருமிதத்தைப் பேத்தி நெடுநேரம் நிலைக்கவிடவில்லை. அதே செடியில் கல்லீரலைக் கெடுக்கும் பைரோலிசிடின் ஆல்கலாய்டுகளும் உண்டு. மேலே வைக்கலாம், உள்ளே கொள்ளலாகாது என்றாள்.

"நாங்க அதைக் குடிச்சோம்னு யார் சொன்னது?" என்றாள் மூதாட்டி.

பெயரில் வந்த குழப்பம்தான் அன்றைய வேலையில் கடினமானது. பூங்கொத்து பல நிறமாய் மலரும் உண்ணிச்செடிக்கு மலாய்ப் பெயர் பூங்கா தாஹி ஆயாம். கோழி எச்சப் பூ என்று பொருள். வேறொரு சிறு களைக்கு ரும்புட் தாஹி ஆயாம் என்று பெயர். மூதாட்டி இரண்டையும் கோழிச்செடி என்றே அழைத்தாள். முன்னதைத் தின்ற மாடுகள் ஈரல் கெட்டு நலியும். பின்னதன் விதை தானியத்தோடு கலந்ததே எத்தியோப்பியாவின் திக்ரே பகுதியில் மக்களைத் தாக்கிய ஈரல் நோய்க்குக் காரணம் என ஆய்வாளர்கள் சுட்டினார்கள். காயத்துக்குக் கோழிச்செடி என்று மட்டும் குறிப்பேட்டில் எழுதியிருந்தால், அதைப் படிப்பவர் எதைப் பறிப்பார்? ஒவ்வொரு செடியையும் பூவோடும் வேரோடும் பிடுங்கி, பழைய நாளிதழ்களுக்கிடையே வைத்து அழுத்தி, இடமும் நாளும் எழுதி, தாவரவியற் பெயர் உறுதியாகும் வரை காத்திருப்பதே முறை. சலிப்பூட்டும் வேலைதான், ஆராய்ச்சி என்னும் பெரும்பெயருக்கு அடியில் பெரும்பாலும் இருப்பது இதுதான். மூதாட்டி நாளிதழ் மடிக்க உதவினாள். கனமான பொருள் தேடியபோது, ஊர்ச் சாலையில் வாங்கிய மண்சாடி ஒன்றைத் தூக்கி மேலே வைத்தாள்.

மாலையில் பேத்தி தானே சென்று ஒரு மடி முள்ளுக்கீரை பறித்து வந்தாள். செழித்த கீரை, தண்டு விரற்கடை தடித்திருந்தது. மூதாட்டி அதைக் கையில் வாங்கவில்லை.

"எங்கே பறிச்சே?"

"செம்பனைக்காட்டு ஓரத்தில், பாட்டி."

"வட்டத்துக்குள்ளேயா, வெளியிலேயா?"

பேத்திக்கு விடை தெரியவில்லை. மூதாட்டி கீரையை ஒவ்வொரு தண்டாகத் திருப்பி, இலை விளிம்பு எங்கேனும் மஞ்சளாய்ச் சுருண்டிருக்கிறதா என்று விளக்கொளியில் பார்த்தாள். பிறகு அத்தனையையும் சுருட்டிக் குப்பைத் தொட்டியில் போட்டாள். கையைச் சவர்க்காரமிட்டு இருமுறை கழுவினாள்.

"நாளைக்குக் காலையிலே வா, எங்கே மருந்தடிக்கலையோ அந்த இடத்தைக் காட்டுறேன்" என்றாள்.