பிரண்டையும் எலும்பும்

வீட்டு வைத்தியத்தைப் பற்றி நம் மாணவரிடையே இரண்டு கட்சிகள் உண்டு. பாட்டி சொல் பழுதாகாது என்பது ஒரு கட்சி. பாட்டிக்கு என்ன தெரியும் என்பது மற்றொரு கட்சி. சென்ற ஆண்டு அத்தையின் கை முறிந்தபோது இவ்விரு கட்சிகளும் எங்கள் கூடத்திலேயே வந்து அமர்ந்துகொண்டன.

நான் தங்கிப் படிப்பது குஷாய்குடாவில், அத்தை வீட்டில். மாமாவுக்குத் தொழிற்பேட்டையில் வேலை. அத்தை வீட்டிலிருந்தே ரவிக்கை தைத்துக் கொடுப்பவர். மழை நாள் ஒன்றில் ஈரத் தரையில் வழுக்கி விழுந்தார். வலக்கை மணிக்கட்டு முறிந்தது. மருத்துவரிடம் அவர் முதலில் கேட்டது வலியைப் பற்றியன்று. "இந்தக் கை மறுபடியும் கத்தரிக்கோல் பிடிக்குமா?" என்பதே. எலும்பு கோணலாகக் கூடினால் வீட்டு வருமானத்தில் ஒரு பாதி போய்விடும் அல்லவா?

மாமா புத்தூர்க் கட்டுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்றார். அத்தை மகன் அதை எள்ளி நகையாடினான். முடிவில் எக்ஸ்ரே எடுத்து, எலும்பை நேராக்கி, மாவுக்கட்டுப் போட்டார்கள். மறுநாள் அடுத்த வீட்டுத் தெலுங்கு அம்மாள் வேலியோரம் படர்ந்திருந்த கொடியை ஒடித்து வந்து, "நல்லேரு" என்று நீட்டினார். அத்தையின் முகம் மலர்ந்தது. அது நம் ஊர்ப் பிரண்டை! அன்று முதல் எங்கள் வீட்டில் நாள் தவறாமல் பிரண்டைத் துவையல். கை அரிக்காமலிருக்க எண்ணெய் தடவி நார் உரிக்கும் கலையை நானும் கற்றேன்.

கட்டுப் பிரித்த பின் அத்தை மெல்ல மெல்லத் தையலுக்குத் திரும்பினார். வெற்றி யாருக்கு? மாவுக்கட்டுக்கு என்றான் மகன். துவையலுக்கு என்றார் மாமா. இருவரிடமும் சான்று ஒன்றுதான்: அத்தையின் கை. துவையல் உண்ணாதிருந்தால் அதே கை எத்தனை நாளில் கூடியிருக்கும்? அதை யாராலும் சொல்ல முடியாது.

இந்தக் கேள்விக்கு விடை தேடும் வழியை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே காட்டியவர் டாக்டர் கே. என். உடுப்பா. ஆயுர்வேதமும் கற்று, வெளிநாட்டில் அறுவை மருத்துவமும் பயின்று, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர் அவர். வடநாட்டார் பிரண்டையை "ஹட்ஜோட்", அதாவது எலும்பொட்டி என்பார்கள். அந்தப் பெயரை அவர் போற்றவும் இல்லை, தூற்றவும் இல்லை, சோதித்தார். அவரும் ஜி. சி. பிரசாத்தும் 1964-இல் வெளியிட்ட ஆய்வில், எலும்பு முறிந்த விலங்குகளில் ஒரு பிரிவுக்குப் பிரண்டை தரப்பட்டது. மறு பிரிவுக்குத் தரப்படவில்லை. கதிரியக்கக் கால்சியம்-45 கொண்டு, முறிந்த இடம் சுண்ணாம்புச் சத்தை எவ்வளவு ஏற்கிறது என்று அளந்தார்கள். கூடிய எலும்பின் வலிமையையும் அளந்தார்கள். பிரண்டை பெற்ற பிரிவில் இரண்டும் விரைந்து முன்னேறின.

எலும்பு வெறும் சுண்ணாம்புக் கட்டி அன்று. கொலாஜன் என்னும் புரத நாரும் அதில் உண்டு. மூன்று இழை முறுக்கிய அந்த நாரின் அமைப்பை 1950-களில் சென்னைப் பல்கலைக்கழகத்தில் விளக்கிக் காட்டியவர் ஜி. என். இராமச்சந்திரன். எலும்பு முறிந்தால் முதலில் இரத்தம் உறைகிறது. பிறகு மெல்லிய திசு இரு முனைகளையும் இணைக்கிறது. அதன்மேல் சுண்ணாம்பு படிந்து கெட்டிப்படுகிறது. பின்னர்ப் பல மாதங்கள் உடல் அதைச் செதுக்கிச் சீராக்குகிறது. உடல் தானே செய்யும் இந்த வேலையைப் பிரண்டை விரைவுபடுத்தலாம். விலகிய எலும்பை நேராக்க அதனால் ஆகாது. அதற்கு அறிந்த கையும் அசையாத கட்டும் வேண்டும். கட்டுவது எவராயினும், இறுக்கிக் கட்டி இரத்த ஓட்டம் நின்றால் கையே போய்விடும்.

விலங்கில் கண்டது மனிதரிடமும் அப்படியே பலிக்கும் என்று முடிவு கட்டிவிட முடியாது. பிரண்டையை மனிதரிடம் சோதித்த ஆய்வுகள் சிலவே, அவையும் சிறியவை. பெரிய ஆய்வுகள் இனித்தான் வேண்டும். அவற்றை யார் செய்வது? நண்பர்களே, நம்முள் உயிரியலும் வேதியியலும் மருந்தியலும் படிப்போர் எத்தனை பேர்! பாட்டியின் சொல்லை மனப்பாடம் செய்வதும் எளிது. நகைத்து ஒதுக்குவதும் எளிது. அதைக் கேள்வியாக மாற்றி, இரு பிரிவு வகுத்து, அளந்து விடை காண்பதே அரிது. அந்த அரிய வேலையைச் செய்பவரே பாட்டிக்கும் மரியாதை செய்தவர். அறிவியலுக்கும் மரியாதை செய்தவர்.