கல்லறை வாசலில் ஒரு காவற்காரி

வளர்ந்த பெண்பிள்ளைகள் நால்வரும் நானும் ஒரு மேசையைச் சுற்றி இருந்து இரண்டரை மணித்தியாலம் விளையாடினோம் என்றால், "உங்களுக்கு வேறு வேலை இல்லையா?" என்றுதான் கேட்பீர்கள். அன்று மகளைக் கூட்டிப்போக வந்த ஒரு தாயும் அதையே கேட்டார். அப்போது எனக்குச் சரியான பதில் வரவில்லை. அதை இங்கே எழுதுகிறேன்.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய கிராமங்களில் நான் சமூகப் பணியாளராக வேலை செய்கிறேன். சனிக்கிழமைகளில் ரியூசன் முடிந்து வரும் பிள்ளைகள் எங்கள் சிறிய மண்டபத்தில் கூடுவார்கள். கதைப்பார்கள், பாடுவார்கள், சில வேளை சும்மா இருப்பார்கள். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் சித்தப்பாவின் மகன் ஒரு நாள் அங்கு வந்து, ஒரு துணிப் பையை மேசையில் கொட்டினான். உள்ளே விதம்விதமான கட்டைகள். நம் தாயக்கட்டைக்கு நான்கு முகம். லூடோக் கட்டைக்கு ஆறு முகம். அவன் கொண்டுவந்த கட்டைகளில் ஒன்றுக்கு இருபது முகம்!

விளையாட்டின் பெயர் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்'. 1974 இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இருவர் வெளியிட்டது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் நுழைவார்கள். ஒருத்தி வாள்வீராங்கனை, ஒருத்தி மந்திரக்காரி, ஒருத்தி கள்ளி, ஒருத்தி வைத்தியச்சி. "முன்னால் ஒரு கதவு இருக்கிறது, என்ன செய்கிறாய்?" என்று கதைசொல்லி கேட்பார். செய்வது கடினமான காரியமாக இருந்தால் கட்டையை உருட்ட வேண்டும். பெரிய எண் விழுந்தால் வெற்றி. வென்றவர், தோற்றவர் என்று முடிவில் எவரும் இல்லை. எல்லோரும் ஒரே பக்கம்.

அவன் இரண்டு மாலை சொல்லித் தந்துவிட்டு, பையை எங்களிடமே விட்டுப் போனான். மூன்றாம் வாரம் கதை சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கைகாக்ஸ் எழுதிய பெயர்பெற்ற கதைத் திட்டம் ஒன்றைப் பற்றி அவன் சொல்லியிருந்தான். ஒரு மந்திரவாதியின் கல்லறைக்குள் நுழைவது பற்றிய அது, 1975 இல் ஒரு விளையாட்டு மாநாட்டில் ஆடப்பட்டு, 1978 இல் அச்சில் வந்தது. வாளை நம்பி அவசரப்படுகிறவர்கள் அதில் பிழைக்க மாட்டார்கள். அதில் பச்சை நிறப் பூத முகம் ஒன்று வாயைத் திறந்தபடி இருக்கும். அந்த வாய்க்குள் போனவர் இல்லாமலே போய்விடுவார். அதை என் கதையிலிருந்து நீக்கினேன். ஆள் மறைந்துபோவது எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு விளையாட்டு அல்ல என்பது எனக்குத் தெரியும். இன்னொன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். அந்தத் திட்டத்தில் பொய்க் கல்லறை ஒன்று உண்டு. உண்மையானது அதற்கும் அப்பால் இருக்கும்.

வாளும் மந்திரமும் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. கோணேசர் கோயில் மலையில் இராவணன் வாளால் வெட்டிய இராவணன் வெட்டைப் பார்த்து வளர்ந்தவர்கள். தாய் இறந்தாள் என்று கேட்டு, அவளது கிரியைக்காக அவன் நிலத்தில் குத்திய இடங்களில்தான் கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகள் ஊறின என்ற கதையும் அவர்களுக்குத் தெரியும். இன்றும் எங்கள் மக்கள் அந்தியேட்டிக்குக் கன்னியாவுக்குப் போகிறார்கள். ஆகவே நான் கதையைக் கடலோரப் பாறை ஒன்றின் அடியில் வைத்தேன். அங்கே ஒரு மந்திர அரசனின் கல்லறை. உள்ளே ஒரு மாணிக்கம். வாசலில் ஒரு காவற்காரி.

அவளது கவசம் துருப்பிடித்திருக்கிறது, ஈட்டியை ஊன்றியபடி நிற்கிறாள் என்று சொன்னேன். வாள்வீராங்கனை உடனே பாய்ந்தாள். அவளுக்குப் பதினெட்டு விழவேண்டும், விழுந்தது ஏழு. வாள் தெறித்து விழுந்தது. கள்ளி பின்பக்கத்தால் போகப் பார்த்தாள். அதுவும் சரிவரவில்லை. அப்போது, அதுவரை அதிகம் பேசாதிருந்த வைத்தியச்சி வாய் திறந்தாள்.

"நான் சண்டை பிடிக்கேல்ல அக்கா. அவவோட கதைக்கிறன்."

"என்ன கதைக்கப்போறாய்?"

"உள்ளுக்கு ஆர் எண்டு கேக்கிறன்."

நான் முன்கூட்டியே கொப்பியில் எழுதி வைத்திருந்த பதிலை, ஒரு தந்திரத்தை அவிழ்க்கும் பெருமையோடு வாசித்தேன்: "உள்ளே ஒருவரும் இல்லை. வருவார் என்றார்கள். அதுதான் நிற்கிறேன்."

மேசை அமைதியாகிவிட்டது. மற்ற மூவரும் அவளைப் பார்க்காமல் கட்டைகளைப் பார்த்தார்கள். என்ன செய்துவிட்டேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அவளது தகப்பன் துறைமுகப் பக்கம் நாட்கூலி வேலை செய்தவர். 2008 இல் ஒரு காலை வேலைக்கென்று போனவர் திரும்பவில்லை. அவள் அப்போது தாயின் வயிற்றில். இன்று உயர்தரம் படிக்கிறாள். தாய் இன்னும் பொட்டு வைக்கிறார். இரவில் படலையைப் பூட்டுவதில்லை. நெடுநேரம் விறாந்தையில் இருப்பார். "கன்னியாவில் அந்தியேட்டியைச் செய்து முடி" என்று உறவினர்கள் சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. 2016 இல் வந்த சட்டத் திருத்தத்தின்படி, இறந்தார் என்று சொல்லாமல், ஆள் காணக்கிடைக்கவில்லை என்பதை மட்டும் சொல்லும் சான்றிதழ் பெறலாம். அந்தப் படிவத்தோடு மூன்று தடவை போயிருக்கிறேன். "வை தங்கச்சி, பிறகு பாப்பம்" என்பார்.

விளையாட்டை நிறுத்த நினைத்தேன். "தேத்தண்ணி குடிப்பமா?" என்றேன். அவள் என்னைக் கவனிக்கவில்லை.

"அவ கடைசியா எப்ப சாப்பிட்டவ?"

"ஞாபகம் இல்லையாம்" என்றேன்.

"அப்ப நான் ஈட்டியை வாங்கிறன். விடியுமட்டும் நான் நிக்கிறன். அவ போய்ப் படுக்கட்டும். இதுக்குக் கட்டை உருட்டவேணுமோ?"

"வேண்டாம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அப்ப மாணிக்கம்?" என்றாள் கள்ளி. "அது எங்க ஓடப்போகுது" என்றாள் வாள்வீராங்கனை. "இரண்டாம் சாமம் நான்" என்று மந்திரக்காரி பெயர் கொடுத்தாள். அன்று கல்லறை திறக்கப்படவில்லை. நால்வரும் காவலுக்கு முறை எழுதிக்கொண்டு எழுந்தார்கள்.

அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை. சமூகவியல் வகுப்பில் ஜோர்ஜ் ஹேர்பேட் மீட் என்ற அறிஞரைப் படித்திருக்கிறேன். பிள்ளை விளையாட்டில் இன்னொருவரின் இடத்தில் நின்று பார்த்துத்தான் 'நான்' என்பதை உணர்கிறது என்பார் அவர். பரீட்சைக்கு எழுதிப் புள்ளியும் வாங்கினேன். அதைக் கண்ணால் கண்டது அன்றுதான். போலின் பொஸ் என்ற அமெரிக்க அறிஞர் 1970களில், வியட்நாம் போரில் காணாமற்போன படையினரின் குடும்பங்களோடு பழகி, இத்தகைய துயருக்குத் 'தெளிவற்ற இழப்பு' என்று பெயரிட்டார். இதற்கு முற்றுப்புள்ளி வைக்கும்படி வற்புறுத்தக்கூடாது, அந்தத் தெளிவின்மையோடு வாழத் துணை நிற்கவேண்டும் என்பதே அவர் சொல்வது. அதையும் படித்திருந்தேன். படித்துக்கொண்டே படிவத்தோடு போனேன். உறவினர்களும் நானும் அந்த வாசலுக்குக் கதவைத் திறக்கத்தான் போனோம். களைத்து நின்றவளிடம் "ஈட்டியைத் தா, கொஞ்சம் படு" என்று எங்களில் ஒருவரும் சொல்லவில்லை.

விளையாட்டே மருந்து என்று நான் சொல்லவரவில்லை. ஆனால் பிள்ளைகளின் துயரம் நேர்க் கேள்விக்குப் பதில் சொல்லாமல், கதைக்குள் வந்து வாய் திறக்கும் என்பது கிழக்கில் புதிய செய்தியல்ல. மட்டக்களப்பில் 1996 இல் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், போரால் பாதிக்கப்பட்ட பிள்ளைகள் கதை கட்டியும் மண்ணில் உருவம் செய்தும் விளையாடினார்கள். அங்கே பெரியவர்கள் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நான் கேட்கக் கற்றது பிந்தித்தான்.

தவறு என் பக்கம் இருந்தது என்பதையும் மறைக்கவில்லை. இப்போது விளையாடும்போது மேசை நடுவில் ஒரு வெற்று அட்டை வைக்கிறோம். யாராவது அதைத் தொட்டால் கதை வேறு பக்கம் திரும்பும். ஏன் என்று கேட்பதில்லை. வெளிநாடுகளில் இதை விளையாடுவோரிடமும் இந்த வழக்கம் உண்டு.

அடுத்த கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். படிவத்தைக் கொண்டுபோகவில்லை. மகள் கதை முழுவதையும் ஏற்கெனவே தாய்க்குச் சொல்லியிருந்தாள். தேத்தண்ணியைக் கையில் தந்துவிட்டு அவர் கேட்டார்: "அந்தப் பொம்பிளை போய்ப் படுத்தவவோ?"

"படுத்தவ அக்கா" என்றேன். அவர் சிரித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மீன் விலையைப் பற்றிக் கதைத்தார்.

இப்போது வெள்ளிக்கிழமை இரவுகளில் மகள் தன் கொப்பிகளோடு விறாந்தையில் இருந்து படிக்கிறாள். தாய் உள்ளே நித்திரை கொள்கிறார். படலை இன்னும் பூட்டப்படுவதில்லை. படிவம் என் அலுவலக லாச்சியில் இருக்கிறது. வேண்டுமானால் அவரே கேட்பார். கேட்காவிட்டாலும் அவர் வீட்டுக்கு நான் போவேன். இதை எழுத இருவரும் சம்மதித்தார்கள். "பெயரை மட்டும் போடாதேங்கோ" என்றார் தாய்.

சகோதரிகளே, உங்கள் ஒழுங்கையிலும் இப்படி ஒரு வாசலில் ஒருத்தி நிற்கக்கூடும். எத்தனை நாளைக்கு நிற்பாய் என்று அவளிடம் கேட்க ஊரில் நிறையப் பேர் உண்டு. ஓர் இரவு போய் அவளோடு இருங்கள். சோறு கொண்டுபோங்கள். அவள் கண்ணயரட்டும்.

வேறு வேலை இல்லையா என்று கேட்ட அந்தத் தாய்க்கும் என் பதில் இதுதான். எங்கள் வேலை என்னவென்று எனக்குச் சொல்லித் தந்ததே அந்த விளையாட்டுத்தான்.