பேர் வெட்டாத யானை

மாமல்லபுரம்,
டிசம்பர் 26

ஏட்டி,

நேற்று விடிகாலை நாலு மணிக்கே முழிப்பு வந்துவிட்டது. நம் ஊர் ஊசிக்கோபுரத்து மணி காதில் விழாத கிறிஸ்மஸ் எனக்கு இதுதான் முதல். ஓட்டலில் பஞ்சு ஒட்டிய பிளாஸ்டிக் மரத்தடியில் நிற்கவைத்து விரல் அகலத்துக்கு ஒரு துண்டு கேக் கொடுத்தார்கள். முந்திரிக்கொத்தை நினைத்துக்கொண்டே முழுங்கினேன்.

அப்புறம் கோவளம் போய் கார்மேல் மாதா கோயிலைப் பார்த்தேன். கட்டியவர் ஜான் டிமான்டி என்ற போர்த்துகீசிய வியாபாரி. சென்னைச் சொத்தைச் சபைக்கு எழுதிவைத்துவிட்டு இங்கேயே அடங்கியிருக்கிறார். அதற்கு நாம் செய்த கைம்மாறு, 2015இல் ‘டிமான்டி காலனி’ படமெடுத்து அவரைப் பேயாக்கியது!

இன்றைக்கு சாளுவன்குப்பம் பக்கம் சாப்பாட்டுக்கு ஒதுங்கினேன். ஓலைக் கொட்டகை, ஒரு பெஞ்சு. வறுத்த மீன் கேட்டேன். “இன்னிக்கு யாரும் கடலுக்குப் போவ மாட்டாங்கம்மா, பால் ஊத்துற நாளு” என்றார் கடைக்கார அம்மா. 2004 சுனாமி எனக்கு அப்போதுதான் உறைத்தது. கருவாட்டுக் குழம்பு ஊற்றினார். கத்தரிக்காயும் மாங்காயும் போட்டது. நம் ஊர்த் தேங்காய் அரைத்த குழம்புக்கு உறை போடக் காணாது. ஆனாலும் இரண்டு முறை சோறு வாங்கினேன்.

“அந்த வருசம் வந்ததைக் கேளு” என்று அவரே ஆரம்பித்தார். லாரி லாரியாகத் துணி வந்ததாம். அவர் பங்குக்கு வந்த மூட்டையில் கிழிந்த பாவாடை, யாரோ போட்டுக் கழித்த கோட்டு, ஒரு கம்பளி சுவெட்டர். “இந்த வெயில்ல சுவெட்டர் இன்னாத்துக்கு? எங்களுக்குப் போனது வீடு, மானம் இல்லை.” நாகப்பட்டினம் சாலையோரம் பழந்துணி குவிந்து கிடந்த படங்களை அப்போது நாமும் பேப்பரில் பார்த்தோமே. நம் தெருவிலும் அலமாரியைக் காலி செய்து மூட்டை கட்டினோம். அதில் என்ன போட்டேன் என்று யோசித்தேன். வாயில் வைத்த சோறு கொஞ்ச நேரம் இறங்கவில்லை.

பிறகு உள்ளே போய் ஒரு அலுமினிய அன்னக்கூடையைத் தூக்கிவந்தார். விளிம்பெல்லாம் நெளிசல். யாரோ ஒரு பெண், இவர் மீன் விற்கிறவர் என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, மறுநாள் வாங்கிவந்து கொடுத்தாளாம். “பேரு கூட கேக்கல.” அதைத் தலையில் வைத்துத்தான் மறுபடி தெருவில் இறங்கியிருக்கிறார். நான் அதைத் திருப்பி அடியைப் பார்த்தேன். ஒரு எழுத்தும் இல்லை.

ஏன் பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். ஸ்டாஃப் ரூமில் கிறிஸ்மஸ் பரிசுக்குச் சீட்டுக் குலுக்கி, என் கிறிஸ்மா கொடுத்த எவர்சில்வர் தூக்கு! வீட்டுக்கு வந்து கவிழ்த்தால் அடியில் புள்ளி புள்ளியாக ‘புதுமனை புகுவிழா அன்பளிப்பு’ என்று யாருடைய பேரோ. மூன்று நாள் சிரித்தோம். நாலாம் நாள் அதில் மாவு வைத்தேன்.

சாப்பிட்டுவிட்டு முருகன் கோயில் இடிபாட்டுக்கு நடந்தேன். சுனாமி மணலை அரித்துப்போனதில் பாறைக் கல்வெட்டு வெளியே தெரிய, தொல்லியல் துறை 2005இல் தோண்டி எடுத்தது. பல்லவர் காலத்துக் கோயில், அதற்கும் அடியில் இன்னும் பழைய செங்கல் கட்டடம். விளக்கெரிக்கப் பொன் கொடுத்தவர்களைச் சொல்லும் கல்வெட்டுகள் கிடைத்தன. அன்பளிப்பில் பேர் வெட்டும் வியாதி நமக்கு அவ்வளவு பழசு. விளக்கு எப்போதோ அணைந்துவிட்டது, பேர் நிற்கிறது. அன்னக்கூடைக்காரியை நினைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது சிற்பக் கடையில் உனக்கொரு மாக்கல் யானை வாங்கினேன். சொன்ன விலையில் பாதிக்குக் கேட்டேன், கொடுத்துவிட்டான். அதுவே கூடுதலோ என்று இப்போது அரிக்கிறது. “அடியில பேர் வெட்டித் தரட்டுமா மேடம்?” என்றான். வேண்டாம் என்றேன். உனக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த கிறிஸ்மஸுக்கு வேறு யாருக்காவது தள்ளிவிட வசதியாக இருக்கும். எனக்கே அனுப்பிவிடாதே.