மார்கழிப் பனியில் மலையும் கோபுரமும்

திருவருகைக் காலத்தின் ஒரு வைகறையில், புகைப்படக் கருவியுடன் கிருஷ்ணன்கோவிலில் பேருந்தைவிட்டு இறங்கினோம். எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை பனித்திரைக்குள் மறைந்திருந்தது. இளவெயில் ஏற ஏற, நீல முகடுகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்பட்டன. படைத்தவரைப் புகழ்ந்தவாறே படம் எடுத்தோம். சாம்பல் நிற அணில்களைக் காக்க 1988-இல் சரணாலயமாக்கப்பட்ட அம்மலைக் காடுகள், 2021-இல் புலிகள் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன.

அங்கிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் சென்றோம். பதினொரு நிலை இராஜகோபுரம் அண்ணாந்து நோக்க வைத்தது. ஆண்டாள் வாழ்ந்த அவ்வூரில் மார்கழி விடியல் திருப்பாவையுடன் புலர்கிறது. கோபுரத்தைப் படமெடுக்கக் கருவியை உயர்த்தினோம். ஈரக் கூந்தலும் நடுங்கும் கரங்களுமாய், கண்மூடி வேண்டி நின்ற மூதாட்டி ஒருவர் அதனுள் தெரிந்தார். அரிய படந்தான், ஆயினும் கருவியைத் தாழ்த்திவிட்டோம்.

பிற சமயங்களில் உண்மையும் புனிதமுமானவற்றைத் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-இல் அறிவித்தது. அதன் பொருளை அன்று அவ்வாயிலில் உணர்ந்தோம். நம் பங்கு ஆலயத்தில் கண்ணீருடன் முழந்தாளிட்டிருக்கும் நம் அன்னையை, வழிப்போக்கர் ஒருவர் வேடிக்கையாய்ப் படமெடுத்தால் நாம் பொறுப்போமா?