ஷில்லாங் மலையில் ஒரு செவிச் சோதனை

கௌஹாத்தியிலிருந்து ஷில்லாங் சுமார் 100 கிலோமீட்டர். ரயில் கிடையாது. மேகாலய மாநிலத்துக்கு ரயில் வந்ததே 2014-ஆம் ஆண்டில்தான். அதுவும் காரோ மலைப் பக்கத்து மெந்திபதார் வரையில் மட்டும். ஆகவே ரயில்வேயில் உத்தியோகம் பார்ப்பவனாயினும் என் பாஸுக்கு இந்தப் பாதையில் மதிப்பில்லை. ரயில் நிலையத்தை அடுத்த பல்டன் பஜாரில், ஆள் சேர்ந்தவுடன் புறப்படும் சுமோ வண்டியில் ஓர் இடம் பிடித்துக் கொண்டேன்.

ஷில்லாங்கைப் பற்றி எழுதுவோர் உமியம் ஏரியையும் பைன் மரங்களையும் சிரபுஞ்சி மழையையும் வருணிப்பது வழக்கம். நான் சென்ற காரியம் வேறு. பூஜைக்கு முன் கைக்கு வந்த போனஸில் ஒரு பகுதியைச் செலவிட்டு ஒரு ஹெட்போன் வாங்கியிருந்தேன். காதை முழுவதும் மூடும் வகை, ஒயர் உள்ளது, காதுக்கு ஒன்றாக 40 மில்லிமீட்டர் அகலமுள்ள ஒலிவட்டுகள். விலை நாலாயிரத்துச் சொச்சம். "இந்தப் பணத்துக்கு ஒரு மிக்ஸி வந்திருக்குமே!" என்றாள் என் மனைவி. அது நியாயமான பேச்சுதான். எனினும் இதை ராக், ஹெவி மெட்டல் ஆகிய இசை வகைகளைக் கொண்டு சோதித்துப் பார்க்க வேண்டுமென்றும், அதற்கு ஷில்லாங்கைவிடப் பொருத்தமான ஊர் நம் நாட்டில் இல்லையென்றும் சொல்லி, என்னோடு பார்சல் ஆபீஸில் பணிபுரியும் காஸி நண்பர் தம் வீட்டுக்கு அழைத்திருந்தார். இரவுப் பணியின்போது இந்தச் சங்கீதத்தை எனக்குப் பழக்கிவிட்டவரும் அவரே.

தமிழ்ச் சங்கத்தின் ஏட்டில் ஹெவி மெட்டலுக்கு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கக்கூடும். வெளிமாநிலங்களில் குடியிருக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளில் பலர் எந்நேரமும் காதில் ஒன்றை மாட்டிக் கொண்டு திரிகிறார்கள். அவர்கள் கேட்பது என்னவென்று அறியாமலேயே "இரைச்சல்" என்று கண்டிக்கிறோம். ஒருநாள் இருந்து கேட்டுவிட்டுக் கண்டித்தால் என்ன என்பது என் அபிப்பிராயம்.

ஜோராபாட்டில் நெடுஞ்சாலையை விட்டுப் பிரிந்ததும் வண்டி மலையேறத் தொடங்கியது. ஆவல் தாளாமல் ஹெட்போனை மாட்டிக் கொண்டேன். வண்டியின் உறுமலும் சக்கர ஓசையும் தாழ்ந்த சுருதியில் ஓயாமல் ஒலிப்பவை. அவை பாட்டிலுள்ள தாழ்ந்த ஒலிகளை விழுங்கிவிட்டன. கிதாரின் கிறீச்சொலியும் தாளத் தட்டுகளும் மட்டுமே எஞ்சின. இந்நிலையில் எவரும் ஒலியைக் கூட்டத்தான் செய்வர். பஸ்ஸிலும் ரயிலிலும் நம் பிள்ளைகள் செய்வதும் இதுவே. நான் கழற்றிப் பைக்குள் வைத்துவிட்டேன். நாங்போவில் தேநீர், பக்கத்தில் இருந்த மூதாட்டி தந்த பச்சைப் பாக்கு, பின்னர் மலைகளுக்கிடையே உமியம் ஏரி. ஏரியை அனைவரும் பார்த்திருப்பீர்கள், அல்லது படத்திலாவது பார்த்திருப்பீர்கள்.

நண்பரின் வீடு லைதும்க்ரா பகுதியில் ஒரு சரிவில் இருக்கிறது. மரச்சட்டம், மெல்லிய சுவர், தகரக் கூரை. 1897-ஆம் ஆண்டின் பெரும் பூகம்பம் ஷில்லாங்கின் கல் கட்டிடங்களைத் தரைமட்டமாக்கிய பின்பு இவ்வகை வீடுகளே இங்கே பெருகின. அடுத்த வீட்டில் இருமினால் இங்கே கேட்கும். அவ்வளவு மெல்லிய சுவர்களுக்கிடையே இத்தனை இசை எப்படி வளர்ந்தது என்று வியந்தேன். நண்பர் தேவாலயத்தைக் காட்டினார். 1841-இல் வேல்ஸ் நாட்டிலிருந்து தாமஸ் ஜோன்ஸ் என்னும் பாதிரியார் சிரபுஞ்சிக்கு வந்து காஸி மொழியை ரோமன் எழுத்தில் எழுதக் கற்பித்தார். அவரும் அவருக்குப் பின் வந்தவர்களும் கொணர்ந்த துதிப்பாடல்களைப் பல குரல்களாகப் பிரிந்து பாடும் பழக்கம் வீடுதோறும் பரவியது. ஒரே நேரத்தில் ஒருவர் தாழவும் ஒருவர் உயரவும் பாடக் கேட்டே வளர்ந்த பிள்ளைக்குக் கிதாரும் டிரம்ஸும் அந்நியமல்ல. 1972-ஆம் ஆண்டு முதல் லூ மஜா என்னும் பாடகர், அமெரிக்கக் கவிஞர் பாப் டிலனின் பிறந்த நாளான மே 24-ஐ இங்கே இசைவிழாவாகக் கொண்டாடி வந்திருக்கிறார். ஜெர்மனியின் ஸ்கார்ப்பியன்ஸ் குழுவினர் 2007-இல் இம்மலைக்கு வந்து வாசித்தார்கள். என் சுமோ ஓட்டுநர்கூட அவர்களுடைய பாட்டைத்தான் முணுமுணுத்துக் கொண்டு வந்தார்.

சோதனையை நடத்தியவன் நண்பரின் மருமகன், கல்லூரி மாணவன், ஒரு குழுவில் பாஸ் கிதார் வாசிப்பவன். காஸி மக்கள் ஆடவரை மரியாதையாக அழைக்கும் "பா" என்னும் சொல்லாலேயே என்னை அழைத்தான். "புதிய ஹெட்போனில் பிடித்த பாட்டைக் கேட்காதீர்கள், பா. பிடித்த பாட்டு எதிலும் நன்றாகத்தான் இருக்கும். வேலை கொடுக்கிற பாட்டைக் கேளுங்கள்" என்றான்.

முதலில் வைத்தது பிங்க் ஃப்ளாய்ட் குழுவினரின் 'மனி', 1973. பாட்டுத் தொடங்குமுன் நாணயங்களும் கல்லாப்பெட்டியும் ஒலிக்கின்றன. ஓசை இடக்காதுக்கும் வலக்காதுக்கும் மாறிமாறி வருகிறது. இரு பக்கமும் சமமாக உழைக்கின்றனவா என்று இதில் தெரிந்து போகும். எனக்கு வியப்பளித்தது தாளம். ஏழு எண்ணிக்கை! நம் மிஸ்ர சாபுவைப் போல ஏழு. துடையில் தட்டிப் பார்த்தேன். சரியாக வந்து விழுந்தது. நடுவே கிதார் தனித்து வாசிக்கும் இடத்தில் மட்டும் நான்குக்கு மாறுகிறது. இரைச்சல் என்று தள்ளுவதற்குமுன் இதை எண்ணிப் பார்க்க வேண்டாமா?

அடுத்து லெட் ஸெப்பலின், 1969. அவர்களுடைய 'ஹோல் லாட்டா லவ்' பாட்டின் மத்தியில் ஒலிகள் தலைக்குள்ளேயே இடமிருந்து வலமாக ஓடித் திரும்புகின்றன. சிறுவர்களுக்குப் பிடிக்கும், எனக்குச் சற்றுத் தலை சுற்றியது.

பிறகு வந்ததைத்தான் நான் மறக்க முடியாது. 1970 பிப்ரவரியில் வெளியான பிளாக் ஸாபத் குழுவின் முதல் இசைத்தட்டு. ஹெவி மெட்டல் பிறந்தது இதில்தான் என்பர். மழை பெய்கிறது, தொலைவில் மணி ஒலிக்கிறது, இடி உருள்கிறது. அதன்பின் கிதார் இறங்குகிறது. அப்போது ஷில்லாங்கிலும் மழை. தகரக் கூரையின் மழை எது, பாட்டின் மழை எது என்று அறிய ஹெட்போனை ஒரு காதில் தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தது. கருவிக்கு இதைவிட நற்சான்று வேண்டாம் என்று பையன் சிரித்தான்.

இக்குழுவினர் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத்துத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். கிதார் வாசித்த டோனி அயோமி பதினேழு வயதில் ஓர் இரும்புத் தகட்டுத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். வேலையை விட்டு நீங்கும் கடைசி நாளில் இயந்திரம் அவருடைய வலக்கையின் இரண்டு விரல் நுனிகளைக் கொண்டு போயிற்று. அவர் இடக்கை வாசிப்புக்காரராதலால் கம்பியை அழுத்துவது அந்த வலக்கைதான். தொழிற்சாலை மேற்பார்வையாளர் ஒருவர், தீயில் கருகிய கையோடு இரண்டே விரல்களால் கம்பி அழுத்தி வாசித்த ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் இசைத்தட்டைக் கொடுத்துத் தேற்றினார். அயோமி பிளாஸ்டிக்கை உருக்கி விரலுக்குக் குப்பி செய்து மாட்டிக் கொண்டார். பிற்பாடு கம்பிகளைத் தளர்த்திச் சுருதியைத் தாழ்த்தினார். அந்தத் தாழ்ந்த கனத்த ஓசையே ஒரு சங்கீத வகைக்கு அடையாளமாகிவிட்டது. 2025 ஜூலை 5-ஆம் தேதி அதே பர்மிங்ஹாமில் இறுதிக் கச்சேரி நடத்தினார்கள். அம்மாதமே 22-ஆம் தேதி பாடகர் ஆஸி ஆஸ்பர்ன் காலமானார்.

கடைசியாக மெட்டாலிக்கா குழுவின் 1988-ஆம் ஆண்டு இசைத்தட்டு. "இதில் பாஸ் கிதாரைத் தேடாதீர்கள், பா. ஒலிக் கலவை செய்தபோதே அதை அடக்கிவிட்டார்கள். இது தெரியாமல் நல்ல ஹெட்போனைத் திருப்பிக் கொடுத்தவர்கள் உண்டு" என்றான். பாஸ் கிதாரின் அடிக்கம்பி விநாடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. சாதாரணக் கிதாரின் அடிக்கம்பி 82 முறை. தாளத் தட்டுகளின் ஓசையோ பல்லாயிரத்தை எட்டும். இம்மூன்றும் ஒன்றையொன்று மூடாமல் தனித்தனியே கேட்டால் கருவி நன்று. என்னுடையதில் தாழ்ந்த ஒலி சற்று மிகை, மற்றபடி குறையில்லை.

மறுநாள் மாலை போலீஸ் பஜார் பக்கம் ஒரு சிறு காபிக் கடையில் பையனின் குழு வாசித்தது. இருபது பேர் கொள்ளும் இடம். கோயிலில் தவிலுக்கு அருகே அமர்ந்தவர்களுக்கு அந்த அனுபவம் புரியும்: ஒலி காதுக்கு வருமுன் நெஞ்சுக்கு வந்துவிடுகிறது. வாசிக்குமுன் அவர்கள் நால்வரும் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் நிறப் பஞ்சடைப்பான் போன்ற ஒன்றை எடுத்துக் காதில் செருகிக் கொண்டதைக் கண்டேன். எனக்கும் ஒரு ஜோடி தந்தார்கள். "காது போனால் எதை வைத்து வாசிப்பது?" என்றான் டிரம்ஸ் வாசிப்பவன்.

உலக சுகாதார நிறுவனம் கூறும் கணக்கு இது: 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்கலாம், 90 டெசிபலானால் 4 மணி நேரம், 100 டெசிபலானால் வாரம் முழுவதற்கும் சேர்த்து 20 நிமிஷம்தான். இசை எதுவாயினும் கணக்கு ஒன்றே. பக்திப் பாட்டுக்குச் சலுகை இல்லை.

இக்கணக்கு என்னைப் பாதித்ததற்குக் காரணம் உண்டு. என் தந்தையார் தென்னாட்டில் ஓர் ஒர்க்‌ஷாப்பில் முப்பத்து நான்கு ஆண்டுகள் இரும்புத் தகட்டுக்கும் சம்மட்டிக்கும் நடுவே வேலை செய்தவர். காதடைப்பான் என்பதை அவர் கண்டதில்லை. இத்தகைய வேலையில் முதலில் போவது உயர்ந்த சுருதி ஓசைகளே. விநாடிக்கு 4000 அதிர்வை ஒட்டியவை. பேச்சின் ச, த, ஸ போன்ற மெல்லொலிகள் மறைந்துவிடும். மனிதர் பேசுவது கேட்கும். என்ன பேசுகிறார் என்பது புரியாது. என் மகள் தொலைபேசியில் தாத்தாவிடம் ஒரு வாரச் செய்தியையும் கொட்டுவாள். அவர் "சரி கண்ணு, சரி கண்ணு" என்பார். சில நாட்களாக அவள் பேசுவதைக் குறைத்துக் கொண்டுவிட்டாள்.

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போயிருந்தபோது ஹெட்போனை அவர் காதில் வைத்தேன். புல்லாங்குழல் வைத்துப் பார்த்ததில் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிளாக் ஸாபத்தை வைத்தேன். சிறிது நேரம் அசையாமல் இருந்தார். பிறகு வலக்கை விரல்கள் நாற்காலிக் கையில் தட்டத் தொடங்கின.

"கொட்டு கேட்கிறதடா. அடியில் ஏதோ கம்பி உறுமுகிறதே, அதுவும் கேட்கிறது. மேலே யாராவது பாடுகிறார்களா?"

"பாடுகிறார், அப்பா."

"அது இல்லை. பரவாயில்லை, இன்னொருமுறை போடு. கொஞ்சம் கூட்டி வை."

கூட்டி வைக்கவில்லை. இன்னொருமுறை மட்டும் போட்டேன். டோனி அயோமியின் விரல் கதையை ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழிதிக் காட்டினேன். படித்துவிட்டு, எந்த இயந்திரம், தகட்டை வெட்டுவதா வளைப்பதா என்று விசாரித்தார். திரும்பி வந்த வாரத்தில் அவரை ஒரு காது பரிசோதகரிடம் அழைத்துச் செல்லும்படி தங்கைக்கு எழுதினேன். உயர்ந்த ஒலிகளை மட்டும் பெருக்கித் தரும் செவிக்கருவி பொருத்தலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். அடுத்த போனஸ் அதற்கு. மிக்ஸி மறுபடியும் தள்ளிப் போகிறது. இம்முறை என் மனைவி ஒன்றும் சொல்லவில்லை.

ஷில்லாங் செல்ல விரும்பும் அன்பர்களுக்கு: காலையில் பல்டன் பஜாரில் வண்டி ஏறினால் பகல் உணவுக்கு ஷில்லாங்கில் இருக்கலாம். கம்பளிச் சட்டை எந்த மாதத்திலும் வேண்டும்; குடையும் வேண்டும். நம்மவர் மரக்கறி உணவுக்குச் சற்று அலைய நேரும். ஜாதோ என்று எழுதியிருக்கும் கடைகளில் கிடைப்பது இறைச்சிச் சோறு. மே 24-ஐ ஒட்டிச் செல்வோர் அங்கே போய் விசாரித்தால் அவ்வாண்டுப் பாட்டு எங்கே என்று எந்தத் தேநீர்க் கடைக்காரரும் சொல்வார். காதடைப்பான் மருந்துக் கடைகளில் கிடைக்கும். ஜோடி சில ரூபாய்கள்தான். பிள்ளைகளை அழைத்துச் செல்வோர் தலைக்கு ஒரு ஜோடி வாங்கிக் கொள்ளவும்.