கனவென்று சொல்லலாமோ?

இளமையில் நாம் உயிரென மதித்த நூலொன்றை, முதிர்ந்த பருவத்தில் படக்காட்சியாகக் காண்பது சற்று அச்சந்தரும் காரியமேயாகும். நாம் மனத்துள் கட்டிவைத்த ஊரை வேறொருவர் தம் விருப்பப்படி கட்டிக் காட்டுகின்றார். "இஃதன்று நாம் கண்ட ஊர்" என்று உள்ளம் முரண்டுகின்றது. நூலே உயர்ந்தது என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டு எழுந்துபோதல் எளிது. படித்தவரிற் பலர் அவ்வாறே செய்கின்றனர்; நாமும் அவ்வாறே செய்யக் காத்திருந்தோம். ஆனால் சென்ற பள்ளி விடுமுறையில், ஓரிரவு, நம் தோட்டத்து மண்டபத்தில் நேர்ந்தது வேறு. அதனையே இங்கு நேயர்களுக்கு எழுதப் புகுந்தோம்.

நூல் 'ஓஸ் நாட்டு அற்புத மந்திரவாதி' என்பது. அமெரிக்கராகிய எல். பிராங்க் பாம் எழுத, 1900-ஆம் ஆண்டில் வெளிவந்தது. கான்சஸ் சமவெளியில் மாமனிடமும் அத்தையிடமும் வளரும் டோரதி என்னும் பெற்றோரற்ற சிறுமியைச் சூறாவளியானது வீட்டோடு தூக்கிச் சென்று, ஓஸ் என்னும் விந்தை நாட்டில் இறக்கிவிடுகின்றது. மூளை வேண்டிநிற்கும் சோளக்கொல்லைப் பொம்மை, இதயம் வேண்டிநிற்கும் தகர மனிதன், வீரம் வேண்டிநிற்கும் கோழைச் சிங்கம் ஆகிய மூவரையும் துணைகொண்டு, மரகத நகரத்து மந்திரவாதியிடம் வீடு திரும்ப வழி கேட்க அவள் நடந்து செல்வதே கதையாகும்.

இதனை நாம் படித்தது பத்தாம் வயதில். நம் தந்தையார் முதலில் பால்மரம் வெட்டியவர். ரப்பர் மரங்கள் சாய்க்கப்பட்டுச் செம்பனை நடப்பெற்ற பின்னர்க் குலை அறுத்தவர். வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி நம்மைப் பட்டணத்து ஆங்கிலப் பள்ளியொன்றில் சேர்த்தார். அப்பள்ளியின் நூலகத்தில் அட்டை கிழிந்து கிடந்த அந்நூலை எடுத்துவந்து, லயத்து வீட்டின் பின்வாசற் படியில் அமர்ந்து படிக்கலானோம்.

முதற் பக்கமே நம்மைக் கட்டிப்போட்டது. பாம் காட்டும் கான்சஸில் நிலம் சாம்பல் நிறம், புல்லும் சாம்பல் நிறம், வீடும் அவ்வாறே. அத்தையின் கண்ணொளியையும் கன்னத்துச் சிவப்பையும்கூட வெயிலும் காற்றும் கவர்ந்துகொண்டன. அவள் சிரிப்பதேயில்லை, சிறுமி சிரித்தாலோ திடுக்கிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொள்வாள். இது வெறுங் கற்பனையன்று. பாம், 1888-இல் டக்கோட்டாச் சமவெளியில் அபர்தீன் என்னும் ஊரிற் கடை வைத்து, வறட்சியால் வணிகம் நொடிந்து, 1890-இல் அதனை மூடியவர். வறண்ட ஊரையும் வாடிய முகத்தையும் கண்ணாரக் கண்டவர். அப்பக்கத்தைப் படித்து நாம் நிமிர்ந்தபோது, பூச்சி மருந்து தெளித்துவிட்டு நம் அன்னையார் வந்துகொண்டிருந்தார். தலைத்துணி, கால்சட்டை, முகம் யாவும் ஒரே நிறமாய் இருந்தன. டோரதியின் அத்தையை நாம் அன்று நேரிற் கண்டோம்.

"என்ன கதை, தம்பி?" என்று அன்னையார் வினவினார். "உனக்குப் புரியாது, அம்மா" என்றோம். ஆங்கிலம் கற்கத் தொடங்கியவனின் அகந்தையே அன்றி வேறில்லை. பிறிதொருநாள், நாமும் ஒருகாலம் மரகத நகரம் போன்றதோர் ஊருக்குப் போவோம் என்று பெருமிதமாய்ச் சொன்னபோது, "கனவு காணாதே" என்று அவர் கடிந்துகொண்டார். இவ்விரு சொற்களும் நம் இருவருக்குமிடையே இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடந்தன.

நிற்க. இன்று நம் தோட்டத்தில் எஞ்சியுள்ள தமிழ்க் குடும்பங்கள் இருபதுக்கும் குறைவு. ஏனையோர் பட்டணம் புகுந்தனர். குலை அறுப்போர் பெரும்பாலும் இந்தோனேசியரும் வங்காளதேசத்தவருமே. விடுமுறையில் மட்டும் பேரப்பிள்ளைகள் பாட்டன் பாட்டியரைக் காண வருவர். அப்பிள்ளைகளுக்காக மண்டபத்தில் வெள்ளைத் துணி கட்டி, இரவல் வாங்கிய கருவியைக் கொண்டு, இக்கதையின் படத்தைக் காட்ட ஏற்பாடு செய்தோம். அஃது 1939-இல் மெட்ரோ கோல்ட்வின் மேயர் நிறுவனத்தார் எடுத்தது. டோரதியாக நடித்தவர் ஜூடி கார்லண்ட். பிள்ளைகளுடன் முதியோரும் வந்து பாயில் அமர்ந்தனர். அவர்களுக்கு ஆங்கிலந் தெரியாது. "கிராணி ஐயா, நீங்கள் கதையைத் தமிழிலே சொல்லிக்கொண்டு வாருங்கள்" என்று கேட்டனர். அன்னையார் முதல் வரிசையில் இருந்தார். ஒலிவாங்கியும் கையுமாய்த் துணியின் ஓரத்தில் நின்றோம்.

படத்திலும் கான்சஸ் பகுதி நிறமற்றே தோன்றுகின்றது. வீடு வந்து விழுந்த பின் டோரதி கதவைத் திறக்கிறாள். அப்பால் எல்லா நிறங்களும் ஒருங்கே பொங்குகின்றன. பிள்ளைகள் "ஆ!" என்றனர், முதியோரும் அவ்வாறே. நூலைக் காட்டிலும் இவ்விடத்தில் படமே வென்றது என்று ஒப்புக்கொள்ளல் நேர்மையாகும். நூலில் வெள்ளியாயிருந்த மந்திரக் காலணியைப் படத்தார் செம்மணிக் காலணியாக்கினர். வண்ணப்படத்தில் ஒளிவிடும் பொருட்டு அவ்வாறு செய்தனர். அதற்காகவும் நாம் சண்டையிட வேண்டுவதில்லை.

தகர மனிதன் வந்தபோதுதான் நமக்குப் பொறுக்கவில்லை. படத்தில், தகரக் கொல்லன் இவனுக்கு இதயம் வைக்க மறந்துவிட்டான் என்று சுருங்க முடித்துவிடுகின்றனர். நூலிலோ அவன் பிறவியில் தகரமல்லன். தசையும் குருதியும் உள்ள மரவெட்டி. ஒரு பெண்ணை மணக்க விரும்பியவன். அம்மணத்தைத் தடுக்கச் சூனியக்காரி அவன் கோடரிக்கு மந்திரமிட, அது நழுவி அவன் இடக்காலை வெட்டியது. தகரக்கால் பொருத்திக்கொண்டு வேலைக்குப் போனான், வலக்காலையும் வெட்டியது. பின்னர்க் கைகள், பின்னர்த் தலை, இறுதியில் உடல். யாவும் தகரமான பின் இதயமும் இல்லை. இதயம் இல்லாமையால் அப்பெண்மீது கொண்ட அன்பும் இல்லையாயிற்று. படம் சொல்லாததை நாம் படத்தின்மேல் ஏற்றிச் சொன்னோம். மண்டபம் அமைதியாயிற்று. முன்னாளிற் குலை அறுத்த பெரியவர் ஒருவர் தம் வலத் தோளைத் தடவிக்கொண்டார். நம் தந்தையாரும் ஒவ்வோர் உறுப்பாகத் தோட்டத்துக்குக் கொடுத்தவரே. கத்திக்கு ஒரு விரல். விழுந்த குலைக்கு ஒரு தோள். மேடு பள்ளத்துக்கு இரு முழங்கால். கடைசி ஆண்டுகளில் அவர் எதற்கும் சிரித்ததில்லை. எவரிடமும் முகங்கொடுத்துப் பேசியதுமில்லை. அன்னையார் தலை குனிந்திருந்தார். அவர் எதனை எண்ணினார் என்பதை நாம் கேட்கவில்லை, கேட்கத் தேவையுமில்லை.

மரகத நகரத்திலும் படம் ஒன்றை விட்டுவிட்டது. நூலில், அந்நகரினுள் புகுவோர் யாவர்க்கும் பச்சைக் கண்ணாடி மாட்டிப் பூட்டிவிடுகின்றனர், நாய்க்குங்கூட மாட்டுகின்றனர். அந்நகரம் பிற நகரங்களைப் போன்றதே என்றும், மக்கள் நெடுங்காலம் பச்சைக் கண்ணாடி அணிந்தமையால் யாவும் பச்சையென்றே நம்பிவிட்டனர் என்றும் மந்திரவாதியே பின்னர் ஒப்புக்கொள்கின்றான். படத்திலோ நகரம் மெய்யாகவே பச்சை! பகுத்தறிவுக்கு இத்துணை நல்ல பாடத்தை எவ்வாறு விட்டனரோ? ஆயினும், நாய் திரையை விலக்க, பேருருவும் இடிக்குரலும் காட்டிய மந்திரவாதி கருவிகளைத் திருகும் சாதாரண மனிதனாய் நிற்கும் காட்சியைப் படம் கைவிடவில்லை. பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தனர். பின்வரிசையில் ஒரு முதியவர், "நம் பழைய ஆபீசைப் போலவே இருக்கிறது!" என்றார். யாவரும் சிரிக்க, நாமும் சிரித்தோம். ஆயின் உள்ளே சுருக்கென்றது.

தந்தையாருக்குத் தோள் அடிபட்ட நாளில், வேலை பாதியில் நின்றதென்று அரைநாட் சம்பளமே எழுதினார் அக்காலத்துக் கிராணி ஒருவர். அதனைத் தட்டிக் கேட்கத் தந்தையார் சாளரம் வரை சென்று, உள்ளே விரிந்துகிடந்த பெரிய புத்தகத்தைக் கண்டு அஞ்சித் திரும்பிவிட்டார். இன்று அதே போன்ற நாற்காலியில் நாம் அமர்ந்திருக்கின்றோம். அப்புத்தகம் வெறுங் காகிதமே என்பதை அறிவோம்; இப்போது அதுவுங்கூடக் கணினிக்குள் புகுந்துவிட்டது. எனினும், சாளரத்துக்கு அப்பால் நிற்பவரின் அச்சத்தினால் நாமும் சிலபோது நம் அளவுக்கு மீறி உயர்ந்து நின்றதுண்டு. திரைக்குப் பின்னால் நிற்பவன் தன்னைத்தானே பார்த்துக்கொள்வதற்கும் ஒரு படம் வேண்டியிருக்கிறது.

இனி முடிவுக்கு வருவோம். நாம் அஞ்சியிருந்ததும் இதனையே. படத்தில் டோரதி தன் படுக்கையிற் கண் விழிக்கிறாள். மாமன், அத்தை, பண்ணையாட்கள் யாவரும் சூழ நிற்கின்றனர். தான் கண்ட நாட்டை அவள் சொல்லச் சொல்ல, அவர்கள் பரிவோடு புன்னகை செய்கின்றனரேயன்றி நம்புவாரில்லை. கெட்ட கனவு என்று அத்தை தேற்றுகின்றாள். இதனைத் தமிழில் சொல்ல வேண்டிய இடத்தில் நமக்கு நா எழவில்லை. அவள் நடந்த வழியெல்லாம் கனவா? பெற்ற நட்பெல்லாம் பொய்யா? லயத்தில் பிறந்த பிள்ளை எதனை விரும்பினாலும் "கனவு காணாதே" என்று கேட்டுக் கேட்டே வளர்கின்றது. அச்சொல்லை நம் வாயாலும் இப்பிள்ளைகட்குச் சொல்வதா? மாற்றிச் சொல்லிவிடலாமா என்றும் ஒருகணம் எண்ணினோம். அதுவும் ஒரு பச்சைக் கண்ணாடியே அன்றோ? ஆகவே, "அவள் கண்டது கனவு என்று அத்தை சொல்கிறாள்" என்று மட்டும் சொல்லி நிறுத்தினோம்.

உடனே ஒரு சிறுமி எழுந்து, "அத்தை சொன்னால் அது கனவாகிவிடுமா, மாமா?" என்றாள்.

படம் முடிந்து விளக்கு ஏற்றியபின், நூலின் முடிவை எடுத்துரைத்தோம். நூலில் டோரதி கட்டிலில் விழிப்பதில்லை. வெட்டவெளியில் வந்து விழுகின்றாள். வெள்ளிக் காலணிகள் வரும் வழியிலேயே பாலைவனத்தில் கழன்று வீழ்ந்தன. எதிரே மாமன் கட்டிய புதுவீடு நிற்கின்றது. பழைய வீட்டைத்தான் காற்று கொண்டுபோயிற்றே! முட்டைக்கோசுக்கு நீர் விட வெளிவந்த அத்தை அவளை வாரி அணைத்து, எங்கிருந்து வந்தாய் என்று கேட்கிறாள். கனவென்று எவரும் சொல்லவில்லை. "அப்படியானால் மெய்தான், புதுவீடு இருக்கிறதே!" என்று தீர்ப்புக் கூறிவிட்டு அச்சிறுமி வீட்டுக்கு ஓடினாள்.

லயத்துக்குத் திரும்பும் வழியில் அன்னையார் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அந்த அத்தைமேல் கோபப்படாதே, தம்பி. கனவு என்று சொல்லாமல் அவள் வேறென்ன சொல்வாள்? பிள்ளை போய்வந்த இடம் அவளுக்குத் தெரியாது. மெய்யென்று ஒப்புக்கொண்டால் மறுபடியும் போய்விடுமே என்ற பயம்" என்றார்.

நாம் மறுமொழி சொல்லவில்லை. சிறிது தூரம் சென்றபின், "நீ படியிலே உட்கார்ந்து படித்தாயே, அந்தப் புத்தகம் இதுதானே?" என்று கேட்டார். ஆம் என்றோம். "எனக்குப் புரியாது என்றாய். எல்லாம் புரிந்தது" என்றார். அதில் கோபம் இல்லை. சிறிது பெருமையே இருந்தது. நமக்குத்தான் கண் கலங்கிற்று.

பாம் 1910-இல் எழுதிய மற்றொரு நூலில், கடனடைக்க வழியின்றிப் பண்ணை பறிபோகும் நிலை வந்தபோது, டோரதி தன் அத்தையையும் மாமனையும் ஓஸ் நாட்டுக்கே அழைத்துச் சென்று வாழவைக்கின்றாள். பத்தாம் வயதில் அந்நாட்டைக் கண்ட நாமோ, அன்னையாரைப் படிவரை அழைத்துச் செல்லவும் இத்தனை ஆண்டுகள் எடுத்துக்கொண்டோம். படத்தின் குறைகளை நாம் மறைக்கவில்லை. ஆயினும், நூலை நாம் ஒருவரே வைத்திருந்தோம். படமன்றோ நம்மைத் தமிழிற் பேச வைத்தது!

அன்பர்களே, ஆங்கிலங் கற்றோர் நம்மிடையே பலர். நாம் படித்த நல்ல கதைகளை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு என்றேனும் சொன்னோமா? அவர்களுக்குப் புரியாது என்று நாமாகவே முடிவு செய்துவிட்டோம். இன்றிரவே ஒரு கதையை எடுத்துச் சொல்லிப் பாருங்கள். பிள்ளையொன்று தான் கண்ட நாட்டைப் பற்றி உங்களிடம் ஓடிவந்து சொன்னால், கனவென்று தள்ளாதீர்கள். எங்கிருந்து வந்தாய் என்று கேளுங்கள். எஞ்சியதை அதுவே சொல்லும்.