21 நாளைக்கு ஒரு ஊசி

சின்னம்மாவுக்குப் பன்னிரண்டு வயதில் தொண்டை வலி வந்தது. இரண்டு மூன்று வாரத்தில் முழங்கால் வீங்கியது. ‘வளர்ற புள்ளைக்கு அப்படித்தான்’ என்றார் அமுச்சி. கோயமுத்தூரில் டாக்டர் ருமாட்டிக் காய்ச்சல் என்றார். 21 நாளைக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி, பல வருடங்களுக்கு.

தொண்டையைத் தாக்கும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியின் எம் புரதத்துக்கும் இதயத் தசையிலுள்ள மயோசினுக்கும் சாயல் உண்டு. கிருமியை அடிக்கக் கிளம்பும் நோய் எதிர்ப்பு மண்டலம், ஆள் மாறி இதயத் தசையையும் வால்வுகளையும் தாக்குகிறது. கிருமி திரும்ப வந்தால் சேதம் கூடும். அதை வரவிடாமல் தடுக்கத்தான் ஊசி.

மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியதும் ஊசி நின்றது. ‘உடுமலை சின்ன ஊரு. ஆஸ்பத்திரில யாராச்சும் பாத்துட்டா?’ என்றார் அப்புச்சி. அதே வீட்டில் மாமாவின் வலிப்பு மாத்திரை ஒரு வேளைகூடத் தவறியதில்லை.

கர்ப்பத்தில் உடம்பில் ஓடும் இரத்தம் ஏறக்குறைய ஒன்றரை மடங்காகும். சுருங்கிப்போன மைட்ரல் வால்வு தாங்கவில்லை. ஏழாம் மாதம் படுக்க முடியாமல் மூச்சு வாங்கியதையும், ‘புள்ளத்தாச்சிக்கு இருக்கறதுதான்’ என்றே சொன்னார்கள். பலூன் செலுத்தி வால்வை விரித்து சின்னம்மாவைக் காப்பாற்றினார்கள். குழந்தை தங்கவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, ‘உங்க உடம்பே உங்களை அடிச்சிருக்குங்க சின்னம்மா’ என்றேன்.

‘உடம்பு ஆள் தெரியாம அடிச்சுது கண்ணு. ஊட்டுல இருந்தவங்க தெரிஞ்சே நிறுத்துனாங்க.’

இன்றும் 21 நாளைக்கு ஒருமுறை ஊசிக்குப் போகிறார். பஸ்ஸில் யாராவது எங்கே என்று கேட்டால், ஊசிக்கு என்றே சொல்கிறார்.